தண்டவாளம் போன வழியே



உங்களில் அநேகர் மூணாறுக்குப் போய்வந்திருப்பீர்கள். பள்ளி விடுமுறையில் வேன் ஏற்பாடு செய்து, குடும்பமாகவோ சபையின் வாலிபரோடோ போய், மாட்டுப்பட்டி அணையில் படகு ஏறி, எக்கோ பாயிண்டில் பிள்ளைகளைக் கூவச்செய்து, குண்டளையில் சுட்ட சோளக்கதிர் தின்று, டாப் ஸ்டேஷனில் மேகத்தைப் படம்பிடித்து, இருட்டுமுன் விடுதிக்குத் திரும்பியிருப்பீர்கள். அதில் குற்றம் ஒன்றுமில்லை. நானும் இரண்டு முறை அப்படித்தான் போய்வந்தேன். ஆனால் ஒரு மலைமுகட்டுக்கு டாப் ஸ்டேஷன் என்று ஏன் பெயர் வந்தது என்று அந்த இரண்டு முறையும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. தண்டவாளமும் இல்லை, நடைமேடையும் இல்லை. அப்படியிருக்க, அது எந்த ஸ்டேஷன்?

அங்கே ஒரு ரயில் ஓடியது. பதினாறு ஆண்டுகள் ஓடி, ஒரே ஒரு மழைக்காலத்தில் இல்லாமற்போயிற்று. அது போன வழியே 2024ஆம் ஆண்டு ஜனவரியில், பொங்கலையொட்டி இரண்டு நாள் நடந்தேன். மோட்டார் வாகனத்தில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் கடந்துவிடுகிற தூரத்தை இரண்டு நாள் நடந்ததற்கு, தினமும் நாற்பது நிமிடம் நடக்கவேண்டும் என்ற மருத்துவரின் கட்டளை மாத்திரம் காரணமல்ல. என் சபையின் வாலிபன் ஒருவன் என்னிடத்தில் ஒரு காரியத்தை ஒப்புவித்திருந்தான். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் ரயிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

பூஞ்சாறு அரசரிடமிருந்து 1877ஆம் ஆண்டில் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். பல பயிர்களைப் போட்டுப் பார்த்தபின் அந்த மண்ணில் தேயிலை நிலைத்தது. தேயிலை விளைந்தது; அதைக் கீழே கொண்டுபோவது எப்படி? மேற்கே கடல் இருந்தாலும், அந்தப் பக்கம் காடும் மலைமடிப்புகளும் நீண்டுகிடந்தன. கிழக்கே மலை சுவரைப்போலச் செங்குத்தாக இறங்கி, அடிவாரத்தில் போடிநாயக்கனூர்ச் சமவெளியில் முடிந்தது. ஆகவே தேயிலையைக் கீழே இறக்குவதற்காக முதலில் மேலே ஏற்றினார்கள். மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக மலையின் கிழக்கு விளிம்பு வரைக்கும் ஏறக்குறைய 35 கிலோமீட்டர் பாதை போடப்பட்டது. அந்த விளிம்புதான் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கவிட்ட தேயிலைப் பெட்டிகள் சுமார் ஐந்து கிலோமீட்டர் கீழே கொட்டகுடிக்கு இறங்கின. அதற்குப் பாட்டம் ஸ்டேஷன் என்று பெயர். அங்கிருந்து மாட்டுவண்டியில் 15 கிலோமீட்டர் போனால் போடி. பின்பு துறைமுகம், கப்பல், இங்கிலாந்து.

1902ஆம் ஆண்டில் அந்தப் பாதையில் முதலில் ஓடியது நாம் அறிந்த ரயில் அல்ல. தரையில் ஒரே ஒரு தண்டவாளம். வண்டியின் சிறிய சக்கரங்கள் அதன்மேல் உருண்டு பாரத்தைச் சுமக்கும். பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம் மண்சாலையில் உருண்டு, வண்டி சாய்ந்துவிடாமல் தாங்கும். இழுப்பது காளைகள். இதே முறையில் பாட்டியாலா சமஸ்தானத்தில் 1907இல் ஒரு பாதை தொடங்கப்பட்டது. அங்கே நீராவி இயந்திரமும் இழுத்தது. அந்த இயந்திரம் இன்றும் டெல்லி சாணக்கியபுரியில் உள்ள தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. டெல்லியில் இதை வாசிக்கிறவர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். ஒற்றைத் தண்டவாளத்தில் வண்டி எப்படி நிற்கும் என்பதை வார்த்தையால் விளக்குவதைவிடக் கண்ணால் காண்பது எளிது.

1908இல் அந்த ஒற்றைத் தண்டவாளத்துக்குப் பதிலாக, இரண்டடி அகலமுள்ள குறுகிய ரயில்பாதை போடப்பட்டு, சின்னஞ்சிறு நீராவி இயந்திரங்கள் வந்தன. மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே மாட்டுப்பட்டி, பாலாறு ஆகிய இடங்களில் நிலையங்கள் இருந்தன. 1924ஆம் ஆண்டு ஜூலையில், கொல்லம் ஆண்டு 1099இல், கேரளத்தார் இன்றும் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்று சொல்லுகிற அந்த மழை வந்தது. மலைகள் சரிந்தன; மூணாறு பட்டணம் நீரில் மூழ்கியது; ரயில்பாதை அடித்துச்செல்லப்பட்டது. மறுபடியும் அதைக் கட்ட ஒருவரும் முன்வரவில்லை. மூணாறு நல்லதண்ணியில் உள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் அந்த ரயில் இயந்திரத்தின் சக்கரம் ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் நினைப்பதைவிடச் சிறியதாக இருக்கும். மலையையே சுமந்துபோன வண்டியின் சக்கரமா இது என்று எனக்குச் சற்று ஏமாற்றமாகவே இருந்தது.

இனி என்னிடம் ஒப்புவிக்கப்பட்ட காரியம்.

பெங்களூரில் எங்கள் சபைக்கு ஒழுங்காக வருகிற ஒரு வாலிபன், குண்டளைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். தகப்பனார் இல்லை. தாயார் கொழுந்து எடுத்து அவனைப் படிக்கவைத்தார்கள். 58 வயது நிறைந்தால் தோட்டத் தொழிலாளி ஓய்வு பெறவேண்டும். ஓய்வு பெற்றால், பிள்ளைகளில் ஒருவரேனும் தோட்டத்தில் வேலையில் இல்லாதபட்சத்தில், குடியிருக்கிற லயத்து வீட்டை ஒப்படைக்கவேண்டும். தாயாருக்கு அந்த வயது நெருங்கிக்கொண்டிருந்தது. மகன் பெங்களூரில் இரண்டாவது மாடியில் ஒரு படுக்கையறை வீட்டில் மனைவியோடும் கைக்குழந்தையோடும் இருக்கிறான். அம்மாவைக் கூட்டிவந்துவிடுகிறேன் என்கிறான். அம்மா வரமாட்டேன் என்கிறார்கள். ஏன் என்றும் சொல்வதில்லை. "பாஸ்டர், நீங்க ஒரு வார்த்தை சொன்னா அம்மா கேட்பாங்க" என்று என்னை அனுப்பினான்.

பிரியமானவர்களே, ஊழியக்காரனுக்கு இப்படிப்பட்ட வேலை அடிக்கடி வரும். ஒரு பக்கத்தாரின் நியாயத்தை மாத்திரம் கேட்டுக்கொண்டு, மறுபக்கத்தாரிடம் போய் நிற்கிற வேலை. நான் வழியெல்லாம் பேசவேண்டியதை ஆயத்தம் செய்துகொண்டே போனேன். வயது, மருத்துவமனையின் தூரம், மழை, பேரப்பிள்ளை என்று நான்கு காரணங்களை வரிசையாக வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தோட்டத்துச் சிறிய சபையில் செய்தி கொடுத்தேன். மறுநாள் பொங்கல். இடுக்கி மாவட்டத்தில் அதற்கு விடுமுறை உண்டு. 1956ஆம் ஆண்டு மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது தேவிகுளம் வட்டம் கேரளத்தோடு இருந்துவிட்டாலும், தோட்டங்களில் பெரும்பாலும் பேசப்படுவது தமிழே. அன்று அவர்களுக்கு வேலை இல்லை. மறுநாளைக்கும் விடுப்பு எடுத்திருந்தார்கள். "ரயில் போன வழியைப் பார்க்கணும்னு சொன்னீங்களாமே, நானே காட்டுறேன் பாஸ்டர். பஸ்ல போனா ஒண்ணும் தெரியாது" என்றார்கள். அப்படியாக இருவரும், அவர்கள் பக்கத்து வீட்டுச் சிறுமி ஒருத்தியுமாகப் பேருந்தில் மாட்டுப்பட்டிக்கு வந்து அங்கிருந்து நடக்கத் தொடங்கினோம். மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி வரையிலான 13 கிலோமீட்டரை விட்டுவிட்டேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அந்தச் சாலையில் பொங்கல் அன்று வாகனங்கள் விட்ட புகையில் நடக்க விருப்பமில்லை.

நீங்களும் போகிறதானால் ஜனவரி நல்ல மாதம். விடியற்காலையில் குளிர் கடுமையாக இருக்கும்; சில ஆண்டுகளில் உறைபனி படிந்து கொழுந்து கருகிவிடும். ஆனால் ஒன்பது மணிக்குமேல் வெயில் இதமானது. கம்பளிச் சட்டையும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். சாலையை விட்டு விலகித் தோட்டத்துக்குள் போக அனுமதி வேண்டும். காட்டுக்குள் போக வனத்துறையின் அனுமதி வேண்டும். காலையிலும் மாலையிலும் யானை வரும். மாட்டுப்பட்டி நீர்த்தேக்கத்தின் அக்கரைப் புல்வெளியில் யானைக்கூட்டத்தை நீங்கள் படகிலிருந்து பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பீர்கள். அதே யானை ஏலக்காட்டு வளைவில் எதிரே நின்றால் அது வேறு காரியம்.

மாட்டுப்பட்டி அணை கட்டி முடிக்கப்பட்டது 1953இல். குண்டளை அணை 1946இல். இரண்டும் பள்ளிவாசல் மின்திட்டத்துக்காக நீரைச் சேர்த்துவைப்பவை. அப்படியானால், அந்த ரயிலில் போனவர்கள் ஒருவரும் இந்த ஏரிகளைக் கண்டதில்லை. அவர்கள் கண்டது ஓடையும் சதுப்பும் புல்லுமே. மாட்டுப்பட்டியில் நின்றுகொண்டு, இந்தத் தண்ணீரை மனதிலே வடித்துவிட்டுப் பாருங்கள். 1924இல் இந்த இடத்தில்தான் சரிந்த மண்ணும் முறிந்த மரங்களும் ஆற்றை மறித்து, தானாக ஓர் அணை உண்டாகி, அது உடைந்தபோது மூணாறுக்கு நாசம் வந்தது என்று அங்குள்ள முதியோர் தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். அதே இடுக்கில் பின்பு மனிதர் அணை கட்டினார்கள்.

"ரயில் போன வழியை எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டேன்.

"கால்ல தெரியும் பாஸ்டர்" என்றார்கள்.

முதலில் எனக்கு விளங்கவில்லை. கொஞ்ச தூரம் போனபின் விளங்கியது. காளைக்கும் சிறு இயந்திரத்துக்கும் செங்குத்தான ஏற்றம் ஏறமுடியாது. ஆகவே அந்தப் பாதை எந்த மலையையும் நேராக ஏறுவதில்லை. ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் நுழைந்து, அதன் உட்கோடி வரைக்கும் போய், ஓடையைக் கடந்து, மறுபக்கமாக வெளியே வந்து, தெரியாமலே உயர்ந்துகொண்டு போகிறது. மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா, அது ரயில் வழி. மூச்சு வாங்கினால் அது பிற்பாடு வந்தவர்கள் வெட்டியது. இன்றைய டாப் ஸ்டேஷன் சாலை பெரும்பாலும் அந்தப் பழைய வழியின்மேலேயே கிடக்கிறது. சாலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு தேயிலைக்கு நடுவில் ஏணியைப்போல ஏறுகிற ஒற்றையடிப் பாதைகள் உண்டு. அவை கொழுந்துக்காரப் பெண்களின் பாதைகள். தலையில் மூட்டையோடு அவர்கள் அந்த ஏற்றத்தை ஏறிவிடுகிறார்கள். இயந்திரத்துக்கு இரக்கம் காட்டிய அளவு பெண்களுக்கு ஒருவரும் பாதை போட்டுக்கொடுக்கவில்லை என்று தோன்றியது. 2015ஆம் ஆண்டு செப்டம்பரில் இந்த மலைகளின் பெண்கள் போனஸுக்காக ஆயிரக்கணக்கில் மூணாறு தெருவில் உட்கார்ந்து, தொழிற்சங்கத் தலைவர்களையும் தள்ளி நிறுத்திவிட்டுத் தாங்களே பேசினார்கள் அல்லவா? என்னோடு நடந்தவர்களும் அவர்களில் ஒருவர். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. "காலு மரத்துப்போச்சு" என்று மட்டும் சொன்னார்கள்.

எக்கோ பாயிண்டைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கூட்டமும் பலூனும் ஹாரன் சத்தமும்தான் எதிரொலித்தன. அதைத் தாண்டி, தைலமரக் காட்டுக்குள் சாலை நுழைந்ததும் சத்தம் அடங்கிற்று. தேயிலைத் தொழிற்சாலையின் அடுப்புக்கு விறகாக வைத்து வளர்க்கப்பட்ட மரங்கள் அவை.

பிற்பகலில் அவர்கள் என்னைச் சாலையிலிருந்து இறக்கி, தங்கள் தோட்டத்தின் குட்டைகளைக் காட்ட அழைத்துப்போனார்கள். ஓடைகளை மண்கரையால் மறித்த சிறு குட்டைகள். ஒன்றின் நீர் மதகு வழியாக அடுத்ததற்கு இறங்கும். நாற்றங்காலுக்கும் வீட்டுப் புழக்கத்துக்கும் தண்ணீர் இங்கிருந்துதான் போகிறது. முதல் குட்டை வெயிலில் பளபளத்தது. இரண்டாவதில் பாசி. மூன்றாவது குட்டையின் கரையில் பெண்கள் துணி துவைக்கிற கல் கிடந்தது. சதுரமான, ஒழுங்காகச் செதுக்கிய கருங்கல், இரண்டு பக்கமும் துளையோடு. "இது பழைய பாலத்துக் கல்லு. எங்க ஆத்தா காலத்துல ஓடையில கிடந்தது, உருட்டிக் கொண்டாந்து போட்டாங்க" என்றார்கள். அது ரயில் பாலத்தின் கல்தானா என்று நிரூபிக்க என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனாலும் நான் பார்த்ததெல்லாம் பாதையின் சாயல். கையால் தொட்டது அந்தக் கல் ஒன்றே. அதன்மேல் பாதி தேய்ந்த நீல நிறச் சோப்புக்கட்டி ஒன்று இருந்தது.

அந்தக் கல்லின்மேல் உட்கார்ந்து நான் ஆயத்தம் செய்துவைத்ததைப் பேசத் தொடங்கினேன். முதல் காரணத்தைச் சொல்லிவிட்டேன். இரண்டாவதற்குப் போவதற்குள் அவர்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்.

"பாஸ்டருக்குச் சொந்த ஊரு எது?"

நாகர்கோவில் பக்கம் என்றேன்.

"அங்க வீடு இருக்கா?"

இல்லை. 2009இல் நானும் என் தம்பியும் அதை விற்றோம். விற்ற பணத்தில் என் பங்கு, பெண்ணின் கல்யாணத்துக்குச் செலவாயிற்று. இதைச் சொல்லும்போது என் குரல் தாழ்ந்துபோனதை அவர்கள் கவனித்திருக்கவேண்டும், மேலே கேட்கவில்லை. மற்ற மூன்று காரணங்களையும் நானும் அன்று எடுக்கவில்லை. சிறுமி குட்டையில் கல்லெறிந்துகொண்டிருந்தாள். சற்றுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இரவு லயத்தில் தங்கினேன். லயம் தெரியாத வாசகர்களுக்காகச் சொல்லுகிறேன்: ஒரே கூரையின்கீழ் வரிசையாக வீடுகள், ஒவ்வொன்றிலும் ஓர் அறை, ஒரு சமையலறை, முன்னால் ஒடுங்கிய திண்ணை. பக்கத்து வீட்டார் இருமினால் இந்த வீட்டில் கேட்கும். மும்பை சாலிலும் தாராவியிலும் வாழ்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் அங்கே வாசலைத் திறந்தால் சாக்கடை; இங்கே திறந்தால் நட்சத்திரங்கள். எனக்குக் கட்டிலைக் கொடுத்துவிட்டு அவர்கள் பக்கத்து வீட்டில் படுத்துக்கொண்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் அக்கம்பக்கத்தார் வந்து உட்கார்ந்தார்கள். பேச்சு மழையைப் பற்றித் திரும்பிற்று. 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு ராஜமலையின் பெட்டிமுடியில் மலை சரிந்து, லயங்களோடு 70 பேர் மடிந்தார்களே, அவர்களில் பலருக்குக் கயத்தாறுதான் பூர்வீகம். அவர்களைப் பற்றி இங்கே ஒருவரும் இறந்தகாலத்தில் பேசுவதில்லை. 2022 ஆகஸ்டில் இதே குண்டளையில், புதுக்கடியில் மண் இறங்கிக் கோயிலும் கடைகளும் புதைந்தன. உயிர்ச்சேதம் இல்லை, அந்த இரவிலேயே ஜனங்களை அப்புறப்படுத்தினார்கள். 

"மழை பெய்யிற ராத்திரி யாரும் தூங்கமாட்டோம் பாஸ்டர். மாத்தி மாத்தி முழிச்சிருப்போம்" என்றார் ஒருவர். 1924இல் ரயிலைக் கொண்டுபோன மழை ஏதோ பழங்கதை என்று நான் எண்ணியிருந்தேன். நூறு ஆண்டாகியும் அந்த ஜனங்கள் அதே மழைக்குத்தான் விழித்திருக்கிறார்கள். அன்றிரவு மழை இல்லை. இருந்தாலும் எனக்கு உறக்கம் பிடிக்க நேரமாயிற்று.

மறுநாள் காலை குண்டளை அணையின்மேல் நடந்தோம். வளைவாகக் கட்டப்பட்ட அணை அது. நீரின் பாரத்தை இரண்டு பக்கத்துப் பாறைகளும் தாங்கும்படி வளைத்திருக்கிறார்கள். அன்று ஏரியின்மேல் ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. கரையோரமாகப் பாதி தூரம் சுற்றினோம். பிறகு எல்லப்பட்டி வழியாக ஏற்றம். இங்கே தேயிலை குறைந்து, சோலைக்காட்டின் ஈரம் முகத்தில் படத் தொடங்குகிறது. ரயில் வழியின் குணம் மாறவில்லை; மடிப்புக்குள் போகிறது, வெளியே வருகிறது. சிறுமிக்கு அலுத்துவிட்டது. பின்னால் வந்த ஜீப்பில், தெரிந்தவர் ஓட்டினார் என்று, அவளை ஏற்றிவிட்டோம்.

அந்த ஏற்றத்தில் அவர்கள் தங்கள் பாட்டியைப் பற்றிச் சொன்னார்கள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கங்காணியோடு வந்த கூட்டத்தில், சிறு பெண்ணாகப் போடியிலிருந்து குரங்கணி வழியாக மலை ஏறியவராம். தேயிலை கம்பியில் தொங்கி இறங்கியது. மனிதர் காலால் ஏறினார்கள். வெள்ளத்துக்குப்பின் அரிசி வராமல் பல நாள் கிழங்கு தின்று கிடந்ததையும் பாட்டி சொல்வாராம். அந்தப் பாட்டியும், தாயும், இவர்களுடைய கணவரும் தோட்டத்துக் கல்லறையில் இருக்கிறார்கள். சங்கரன்கோவில் பக்கத்தில் இவர்களுக்கு இப்போது தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. மூன்று தலைமுறை உழைத்த மலையில் ஓர் ஆணி அடிக்கவும் உரிமையான சுவர் இல்லை. சொந்த ஊர் எது என்று முந்தின நாள் என்னைக் கேட்டது எந்த மனதோடு என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

டாப் ஸ்டேஷனை அடையும்போது மணி இரண்டு. அந்த இடம் தமிழ்நாட்டைச் சேர்ந்தது. ஆனால் வண்டியில் வருவதற்குச் சாலை கேரளத்தின் வழியாகத்தான். கம்பிவட நிலையத்தின் இடிபாடுகள் இன்னும் கிடக்கின்றன. கடைகளைத் தாண்டிக் காட்சிமேடைக்கு இறங்கினோம். மேகம் விலகியிருந்தது. காலடியில் மலை அப்படியே விழுந்து, வெகு ஆழத்தில் தேனிச் சமவெளி விரிந்துகிடந்தது. அவ்வழியே இறங்கிப் பார்க்கலாமா என்று வாலிபருக்கு ஆசை எழும்பும். 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் தேதி குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப்போனவர்கள் 23 பேர் மடிந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். அனுமதியின்றி ஓரடியும் இறங்கவேண்டாம்.

அவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழே ஓரிடத்தைச் சுட்டிக்காட்டினார்கள். "அந்த வெள்ளையாத் தெரியுது பாருங்க, அதுக்கு இந்தப் பக்கம். அதான் போடி."

தெரிகிறது என்றேன். உண்மையில் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

"அங்க ரெண்டரை சென்ட் வாங்கியிருக்கேன் பாஸ்டர்."

நான் திரும்பிப் பார்த்தேன். பதினோரு வருஷமாகச் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணமாம். கூடக் கொழுந்தெடுத்த இரண்டு பெண்களும் அடுத்தடுத்து இடம் வாங்கியிருக்கிறார்கள். ஓய்வுப் பணம் வந்தவுடன் அஸ்திவாரம் போடவேண்டும். மகனுக்குச் சொல்லவில்லை. "சொன்னா, அதை வித்துட்டு இங்க வாங்கம்மா, ஃப்ளாட்டுக்கு முன்பணம் கட்டலாம்னு சொல்லுவான். அவன் சொல்றது தப்பில்ல. அவனுக்குப் பணம் வேணும். எனக்கு வாசல் வேணும்."

வேதாகமக் கல்லூரியில் எங்களுக்கு ஆதியாகமம் நடத்திய ஆசிரியர், ஆபிரகாம் மக்பேலா நிலத்தை வெள்ளி நிறுத்துக்கொடுத்து வாங்கின அதிகாரத்தில் ஒரு வாரம் முழுவதும் நின்றுவிட்டார். தேசம் முழுவதும் வாக்குப்பண்ணப்பட்டவன், விலைக்கு வாங்கி எழுதிக்கொண்டது அந்த ஒரு துண்டு நிலத்தைத்தான் என்பார். அன்றைக்கு அது எனக்குச் சலிப்பாக இருந்தது.

"மருத்துவமனை?" என்று கேட்டேன். என் பட்டியலில் அது இரண்டாவது.

"போடியில இருக்கு. பக்கம்தான். இங்கதான் தூரம்."

"மழை?"

"அங்க மலை சரியாது."

"பேரப்பிள்ளை?"

இதற்குமட்டும் உடனே பதில் வரவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. அதனாலும் கண்ணில் நீர் வரும். "லீவுக்கு அனுப்பச் சொல்லுங்க" என்றார்கள்.

மகனிடம் இதைச் சொல்லுகிற பொறுப்பை என்மேல் வைத்தார்கள். போன காரியம் வேறு; திரும்பிக் கொண்டுவந்தது வேறு. எல்லப்பட்டி வளைவில் கைப்பேசிக்குச் சமிக்ஞை கிடைத்த இடத்தில் பேருந்தை விட்டு இறங்கிப் பேசினேன். அவன் முதலில் கோபித்தான். பதினோரு வருஷம் தன்னிடம் மறைத்தார்களா என்றான். பணம் போதாமல் தான் கடன் வாங்கிய மாதங்களைச் சொன்னான். அதிலும் நியாயம் இருந்தது, நான் மறுக்கவில்லை. பின்பு வெகுநேரம் பேசாமல் இருந்தான். இணைப்பு துண்டித்துப்போயிற்றோ என்று இருமுறை கூப்பிட்டுப் பார்த்தேன்.

கடைசியில், போடிக்கு ரயில் இருக்கிறதா என்று கேட்டான்.

இருக்கிறது என்றேன். 1928இல், மலை ரயில் போய் நான்கு ஆண்டு கழித்து வந்த பாதை அது. அகலப்பாதையாக்க 2010ஆம் ஆண்டு முடிவில் நிறுத்தியவர்கள் 2023 ஜூனில் மறுபடியும் விட்டிருக்கிறார்கள். சென்னையிலிருந்தும் வருகிறது, மதுரையிலிருந்தும் வருகிறது. பெங்களூரில் ஏறி மதுரையில் மாறிக்கொள்ளவேண்டும்.

"மதுரையில எவ்வளவு நேரம் காத்திருக்கணும் பாஸ்டர்? குழந்தை இருக்கே" என்றான்.